மஞ்சளுக்கு நிறம் மட்டும் போதுமா?

அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லி வட்டார மளிகை வணிகர்களே! பளிச்சென்ற மஞ்சளைத்தான் வாடிக்கையாளர் கேட்கிறார். நாமும் அதையே வாங்கி வைக்கிறோம். கோளாறு அங்கேதான். வங்கதேசத்தில் 1980களில் வெள்ளத்தில் நனைந்து மங்கிய மஞ்சளுக்கு நிறமேற்ற, பெயிண்டில் சேர்க்கும் லெட் குரோமேட்டைப் பூசத் தொடங்கினார்கள். அதிலுள்ள ஈயம் குழந்தைகளின் மூளையைக் கெடுக்கும். கர்ப்பிணிகளின் இரத்தத்தில் ஈயம் ஏறியதற்கு மஞ்சளே முக்கியக் காரணம் என்று 2019இல் ஆய்வாளர்கள் காட்டினார்கள். அரசு மொத்தக் கடைகளில் அபராதம் விதித்தது. அவ்வாண்டு 47 சதவீத மாதிரிகளில் இருந்த ஈயம் 2021இல் ஒன்றிலும் இல்லை. நம் நாட்டிலும் பாட்னா மஞ்சளில் மிக அதிக ஈயம் இருந்ததாக 2024இல் ஓர் ஆய்வு வெளியானது.

மாதிரி எடுக்க வருகிறவர் முதலில் நம் கடைப் படியைத்தான் மிதிப்பார். ஆகவே மண்டியில் பில் இல்லாத மஞ்சளை எடுக்காதீர்கள். சற்று மங்கலான சரக்கையே வாங்கி, ஏன் மங்கல் என்று கேட்கும் தாய்மார்களிடம் விவரம் சொல்லுங்கள்.