மனிதக் காலடி படாத பூமியாம்!

"மனிதக் காலடி படாத பூமி." ஸ்காட்லாந்து ஹைலண்ட்ஸ் பக்கம் சைக்கிள் ஓட்டிட்டு வந்து யார் பதிவு போட்டாலும் இந்த வரி தப்பாம வந்துடுது. கூடவே நாலு போட்டோ. ஒரு ஏரி, ஒரு மொட்டை மலை, வளைஞ்சு வளைஞ்சு போற சரளைக்கல் பாதை, ஓரத்துல சாய்ச்சு வச்ச சைக்கிள். பாதைதான் போட்டோவுலயே இருக்கே சாமி! காலடி படாத இடத்துல பாதையை யாரு போட்டது, மானா?

அந்த ஒரு வரி மேல இருக்கிற கடுப்பைக் கொட்டத்தான் இந்தப் பதிவு. சண்டைக்கு வர்றவங்க கடைசி வரைக்கும் படிச்சுட்டு வாங்க.

தெரியாதவங்களுக்கு ஒரு சின்ன அறிமுகம். கிராவல் பைக் பார்க்க ரேஸ் சைக்கிள் மாதிரியே இருக்கும், அதே வளைஞ்ச ஹேண்டில்பார். டயர் மட்டும் தடிமன், 40 மில்லிமீட்டர் பக்கம். தார் ரோட்டுலயும் ஓடும், கல்லு மண்ணுலயும் ஓடும். கார், லாரித் தொல்லை இல்லாத மலைப்பாதைதான் இதுக்குச் சொர்க்கம். ஹைலண்ட்ஸ்ல அந்தச் சொர்க்கம் நூத்துக்கணக்கான கிலோமீட்டருக்கு இருக்கு. அதை நான் மறுக்கலை.

ஆனா அந்தப் பாதை ஒவ்வொண்ணுக்கும் ஒரு முதலாளி இருந்தான். கோரியாரிக் கணவாய்ப் பாதை 770 மீட்டர் உயரத்துக்கு ஏறும். அது 1731ல ஜெனரல் வேட் போட்ட ராணுவ ரோடு. கலகம் பண்ற மலைவாசிகளை அடக்கப் பட்டாளம் போறதுக்குன்னு போட்டது. மத்ததெல்லாம் மான் வேட்டைக்குப் பணக்காரங்க போட்டது, மரம் வெட்ட வனத்துறை போட்டது, அணை கட்ட மின்வாரியம் போட்டது. நம்ம உல்லாசத்துக்குன்னு அங்க யாரும் ஒரு கல்லு கூடக் கொட்டலை.

அதுல நாம ஓட்ட முடியுதுன்னா அதுக்கும் காரணம் இருக்கு. 2003ல ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் நிலச் சீர்திருத்தச் சட்டம் கொண்டு வந்துச்சு. பொறுப்பா நடந்துக்கிட்டா, தனியார் நிலத்துலயும் மோட்டார் இல்லாம யாரும் போகலாம். நடந்தும் போகலாம், சைக்கிள்லயும் போகலாம். பக்கத்துல இங்கிலாந்துல இந்த உரிமை கிடையாது. அங்க நடைபாதைன்னு குறிச்ச வழியில சைக்கிள் ஓட்ட உரிமை இல்லை. ஆக "அமைதியான பாதை" இயற்கை கொடுத்த வரம் இல்லைங்க, சட்டம் போட்டு வாங்கினது.

சரி, பாதையை விடுங்க. ஆள் ஏன் இல்லை? இதுதான் நம்ம பதிவர்கள் யாரும் கேட்காத கேள்வி.

ஆள் இருந்தாங்க. 18ஆம் நூற்றாண்டுக் கடைசியில இருந்து 19ஆம் நூற்றாண்டு நடுவு வரைக்கும் கிராமம் கிராமமா வெளியேத்தினாங்க. குடியானவன் கொடுக்கிற வாடகையை விட ஆட்டுப் பண்ணைக்காரன் கொடுக்கிற வாடகை அதிகம், அவ்வளவுதான் கணக்கு. அப்புறம் ஆஸ்திரேலியக் கம்பளி வந்து ஆட்டு வியாபாரம் படுத்ததும் அதே நிலத்தை மான் வேட்டைக்காடா மாத்தினாங்க. ஆளுங்களை மட்டும் திருப்பிக் கூப்பிடலை.

க்ராய்க்னு ஒரு இடம். அங்கிருந்து ஆய்க்கல் பிரிட்ஜுக்குப் போற சரளைப் பாதை சைக்கிள்காரங்களுக்கு நல்லாத் தெரியும். பாதைக்குப் பக்கத்துல ஒரு சின்னத் தேவாலயம் இருக்கு. 1845 மே மாசம் க்ளென்கால்வி பள்ளத்தாக்குல இருந்து 18 குடும்பங்களைத் துரத்தினாங்க. 80 பேருக்கு மேல. குழந்தை குட்டியோட தேவாலயத்துக்கு வெளியே கல்லறைத் தோட்டத்துல கூடாரம் போட்டுத் தங்கினாங்க. ஆண்டவன் வீட்டுக்குள்ள படுக்கிறது மரியாதை இல்லைன்னு உள்ளே கூடப் போகலை. ஜன்னல் கண்ணாடியில கீறி எழுதி வச்சுட்டுப் போனாங்க, இன்னைக்கும் படிக்கலாம். அதுல ஒரு வரி, நாங்க பாவம் பண்ணின தலைமுறைங்கிற மாதிரி இருக்கும். துரத்தினவன் மேல கோவப்படாம, தன் பாவம்னு எழுதிட்டுப் போயிருக்காங்க!

இந்தப் பாதையில போயிட்டு வந்து "காலடி படாத பூமி"ன்னு எழுதறதுக்கு எப்படிங்க கை வருது?

அப்பவும் எல்லாரும் தலை குனியலை. வைனன்ஸ்னு ஒரு அமெரிக்கப் பணக்காரர் லட்சக்கணக்கான ஏக்கரை வேட்டைக்காகக் குத்தகைக்கு எடுத்திருந்தார். கின்டெயில்ல மர்டாக் மக்ரேங்கிற ஏழைக் குடியானவர் வளர்த்த ஆட்டுக்குட்டி அந்த நிலத்துல மேஞ்சிடுச்சுன்னு கோர்ட்டுக்குப் போனார். எடின்பரோ பெரிய கோர்ட்டு வரைக்கும் போய் 1885ல தோத்தார். இன்னைக்கு ட்ரம்னாட்ராக்கிட்ல இருந்து மார்விக் வரைக்கும் போற அஃப்ரிக் கின்டெயில் வழி, அந்த ஆட்டுக்குட்டி மேஞ்ச பக்கம்தான் முடியுது.

இனி வழக்கமான பின்னூட்டங்களுக்கு முன்கூட்டியே பதில்.

"வாரம் பூரா ஆணி புடுங்கிட்டு நிம்மதியா ஓட்டப் போனா வரலாறு எதுக்கு?" ஓட்டுங்க, யாரு வேண்டாம்னா? உங்க நிம்மதியைக் கெடுக்கிறது என் நோக்கம் இல்லை. பொய்யா எழுதாதீங்கன்னுதான் கேக்கறேன்.

"வெறும் வார்த்தைதானே?" இல்லைங்க. "இங்க எப்பவுமே ஆள் இல்லை"ன்னு நம்பிட்டா, "இனியும் ஆள் வேண்டாம்"னு சொல்றது சுலபம். அதே க்ராய்க் பக்கத்துல இருக்கிற அலடேல் எஸ்டேட் உரிமையாளர், பெரிய வேலி போட்டு உள்ளே ஓநாய் விடணும்னு யோசனை சொன்னார். நடக்கிறவங்க எங்க வழி போயிடும்னு எதிர்த்தாங்க. அவர் மரம் நட்டது நல்ல காரியம், மறுக்கலை. ஆனா வேலி எங்க விழணும்னு ஒத்தை ஆள் முடிவு பண்ற நிலைமை எப்படி வந்துச்சு? ஸ்காட்லாந்துல தனியார் நிலத்துல பாதி 500க்கும் குறைவானவங்க கையில இருக்குன்னு கணக்கு சொல்றாங்க. காலி பண்ணின நிலம் காலியாவே இருக்கிறது யாருக்கு லாபம்னு யோசிங்க.

"ஜனம் திரும்பி வந்தா அமைதி போயிடுமே?" எய்க் தீவைப் பாருங்க. 1997ல தீவு மக்களே சேர்ந்து நிலத்தை வாங்கினாங்க. அப்ப 65 பேர் மாதிரி இருந்தாங்க, இப்ப 100க்கு மேல. 2008ல இருந்து காத்து, தண்ணி, வெயில்ல சொந்தமா மின்சாரம் எடுக்கிறாங்க. வெளியாள் கார் கொண்டு போக முடியாது. ஜனமும் இருக்கு, அமைதியும் இருக்கு.

அடுத்த தடவை போறப்ப பாதையோரம் இடிஞ்சு கிடக்கிற கல்லுச் சுவரைக் கொஞ்சம் நின்னு பாருங்க. அது யாரோ சமைச்சுச் சாப்பிட்ட வீடு. போட்டோ எடுத்தா அதையும் எடுத்துப் போடுங்க. கீழே அந்த ஊர் பேரை எழுதுங்க, பழைய மேப்புல இருக்கும்.

டிஸ்கி: "என்ன சைக்கிள் வாங்கலாம்"னு கேட்டு வர்ற பின்னூட்டங்களுக்குத் தனிப் பதிவு வரும். இங்க வேண்டாம்.