கணக்கும் நம் கையில் இருக்கட்டும்

“உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது” என்று நம் பெரியோர் சொல்வதுண்டு. கணக்குப் பார்த்தால் மனம் நொந்துவிடும். ஆகவே பாராமல் உழைத்துக்கொண்டே இரு என்பதுதான் இதன் கருத்துப் போலும்! பெரியோர் மீது எங்களுக்கு மிகுந்த மதிப்பு உண்டு. ஆயினும் இந்தப் பழமொழியை மட்டும் எங்களால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

கிராமத்துப் பெண்கள் இன்று எத்தனையோ சிறுதொழில்கள் செய்கிறார்கள். முறுக்குச் சுடுகிறார்கள், பாய் பின்னுகிறார்கள், கறவை மாடு வளர்க்கிறார்கள், துணி தைக்கிறார்கள். திறமைக்கோ உழைப்புக்கோ குறைவில்லை. தொழில் அவர்கள் கையில் இருக்கிறது. கணக்குத்தான் பலர் கையில் இல்லை.

எங்கள் தோழி ஒருத்தியின் தாயார் முறுக்குச் சுட்டுக் கடைகளுக்குக் கொடுக்கிறார். அந்த வருமானத்தில்தான் அவள் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். ஒரு நாளைக்கு அரிசி, உளுந்து, எண்ணெய்க்கு 600 ரூபாய். விற்பனை 900 ரூபாய். ஆகவே 300 ரூபாய் லாபம் என்று தாயார் மகிழ்ந்திருந்தார். சென்ற விடுமுறையில் தோழி ஒரு நாற்பது பக்க நோட்டில் எல்லாவற்றையும் எழுதிப் பார்த்தாள். விறகு 90, பாக்கெட் 40, உடைந்ததென்று கடைகள் திருப்பியது 50. இவற்றைக் கழித்தால் மீதி 120 ரூபாய்தான். தாயாரும் பாட்டியும் பத்து மணி நேரம் அடுப்படியில் வெந்ததற்கு மணிக்கு 12 ரூபாய்! அதையும் இருவர் பங்கிட வேண்டும்.

அன்றிரவு தாயார் சாப்பிடவில்லையாம். ஆனால் மறுவாரமே விலையைக் கூட்டினார். ஒரு கடைக்காரர் வேண்டாம் என்றுவிட்டார். மற்ற இருவர் ஒப்புக்கொண்டனர். மனம் நொந்தது உண்மைதான். ஆனால் கணக்குப் பார்த்த பிறகல்லவா உழக்காவது மிஞ்சியது!

நம் மாநிலத்தில் 1989-ஆம் ஆண்டு தருமபுரி மாவட்டத்தில் அரசின் முயற்சியால் மகளிர் சுய உதவிக் குழுக்கள் தொடங்கப்பட்டுப் பிற மாவட்டங்களுக்கும் பரவின. பெண்கள் கூடிச் சேமித்து வங்கிக் கடன் பெறுவது பெரும் நன்மையே. ஆனால் கடன் அம்மாவின் பெயரில் இருக்க, பணம் வேறொருவர் சட்டைப்பைக்குப் போவதையும் நாம் கண்டிருக்கிறோம். தவணை நாளில் மட்டும் அம்மாவைத் தேடுகிறார்கள். கையெழுத்துப் போடத் தெரிந்தால் போதாது. எதற்குப் போடுகிறோம் என்றும் தெரிய வேண்டும்.

மகாராஷ்டிரத்தில், சாத்தாரா மாவட்டத்து வறண்ட ஊரான மஸ்வட்டில், பெண்கள் தங்களுக்கென ஒரு வங்கி தொடங்க விண்ணப்பித்தார்கள். பலருக்கு எழுதப் படிக்கத் தெரியாது என்று ரிசர்வ் வங்கி மறுத்துவிட்டது. அவர்கள் அழுதுகொண்டு உட்காரவில்லை. சேத்னா சின்ஹா அம்மையாரின் துணையோடு எழுதப் படிக்கக் கற்றார்கள். மறுபடியும் சென்று, வட்டிக் கணக்குக் கொடுங்கள், மனக்கணக்காகவே போடுகிறோம் என்று அதிகாரிகளுக்குச் சவால் விட்டார்கள். 1997-இல் ‘மாண் தேசி’ மகளிர் வங்கி பிறந்தது.

கணக்குப் பார்க்கும் பெண் வீட்டுக்கு ஆகமாட்டாள் என்பாரும் உண்டு. கணக்கு யாரையும் பகைப்பதற்கன்று. குடும்பம் கடனில் மூழ்காமல் காப்பதற்கே.

அன்புள்ள சகோதரிகளுக்கு ஒரு வேண்டுகோள். கண்காட்சிக்காக நாங்கள் தலையணை உறை தைக்கிறோம். பூத்தையலைப் பொறுமையோடு கற்றுத் தருகிறீர்கள். இனி அந்த உறையோடு ஒரு சீட்டும் வைக்க அனுமதி தாருங்கள். துணிக்கு எவ்வளவு, நூலுக்கு எவ்வளவு, எங்கள் நேரத்துக்கு எவ்வளவு என்று அதில் எழுதி, விலையையும் நாங்களே குறிக்கிறோம்.

தோழியரே! இந்த விடுமுறைக்கு வீடு செல்லும்போது நாமும் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கிச் செல்வோம். முதல் பக்கத்து வரவு செலவை நாம் எழுதிக் காட்டுவோம். அடுத்த பக்கத்தை அம்மாவே எழுதட்டும்.