யாருடைய மரபு இது?

இங்கிலாந்தின் வடகிழக்கிலுள்ள டர்ஹாம் மாவட்டத்தில் கடந்த பத்தாண்டுகளில் எழுந்துள்ள மரபுக் காட்சியகங்களைப் புகழ்ந்துரைப்போர் பெருகியுள்ளனர். நிலக்கரிச் சுரங்கங்கள் மூடப்பட்டு நலிந்த ஒரு நிலப்பகுதியைக் கலையும் வரலாறும் மீட்டெடுத்துவிட்டன என்பது அவர்தம் வாதம். இவ்வாதத்தை நான் ஏற்பதற்கில்லை. காட்சியகங்களே வேண்டா என்று யான் கூறவில்லை. எது யாருடைய மரபைக் காக்கின்றது என்று பிரித்துப் பாராமல் அனைத்தையும் ஒரே தராசிலிட்டுப் போற்றும் போக்கையே மறுக்கின்றேன்.

வழக்கின் வேர் 1951ஆம் ஆண்டில் இருக்கின்றது. அவ்வாண்டு மே மாதத்தில் ஈசிங்டன் சுரங்கத்தில் நேர்ந்த வெடிவிபத்தில் 83 பேர் மாண்டனர். அதே ஆண்டில் வகுக்கப்பட்ட மாவட்ட வளர்ச்சித் திட்டம் 114 சிற்றூர்களை ‘டி’ என்னும் கடைசிப் பிரிவில் நிறுத்தியது. கரி தீர்ந்துவிட்ட, அல்லது தீரப்போகும் ஊர்கள் அவை. இனி அங்கே பொதுப்பணம் செலவிடுவதில்லை. வெறுமையாகும் வீடுகளை இடித்துவிடலாம். மக்கள் வேறிடம் பெயரட்டும் என்பதே அத்திட்டத்தின் உட்கிடை. பிரிட்டனின் உலைகளுக்கெல்லாம் எரிபொருள் ஈந்த ஊர்களுக்குக் கிட்டிய கைம்மாறு இது! அன்று வாழத் தகாதது என ஒதுக்கப்பட்ட அதே வாழ்க்கைதான் இன்று காணத் தக்கது எனக் காட்சிக்கு வைக்கப்படுகின்றது. இம்மாற்றத்தை விளக்காமல் மீட்சி என்று பேசுவது எங்ஙனம் பொருந்தும்?

பிஷப் ஆக்லாந்து நகரை எடுத்துக்கொள்வோம். டர்ஹாம் ஆயர்கள் வெறும் சமயத் தலைவர்களாக மட்டும் இருந்தவர்கள் அல்லர். இடைக்காலத்தில் அரசர்க்குரிய அதிகாரங்களையும் செலுத்தியவர்கள். அவ்வதிகாரத்தின் எச்சம் 1836இல்தான் முற்றும் நீங்கியது. அவர்களது ஆக்லாந்து மாளிகையின் உணவுக்கூடத்தில், ஸ்பானிய ஓவியர் சுர்பரான் தீட்டிய யாக்கோபும் அவர் மைந்தரும் தொங்குகின்றனர். ஆயர் ரிச்சர்டு டிரெவர் 1756இல் வாங்கியவை அவை. பதின்மூன்றில் பென்யமீனின் படம் மட்டும் வேறொருவர் கைக்குப் போய்விட, அதற்கு ஒரு படி எழுதுவித்து மாட்டினார். திருச்சபை இவ்வோவியங்களை விற்க முனைந்தபோது, ஜோனதன் ரஃபர் என்னும் செல்வர் 2011இல் ஒன்றரைக் கோடி பவுன் ஈந்து அவை அங்கேயே நிலைக்கச் செய்தார். பின்னர் மாளிகை செப்பனிடப்பட்டு 2019இல் திறக்கப்பட்டது. 2021இல் ஸ்பானிய ஓவியக்கூடமும், 2023இல் சமய நம்பிக்கைக்கான காட்சியகமும் தோன்றின.

இவற்றால் பயன் இல்லை என்பது என் கட்சியன்று. இரு நூற்றாண்டுகளுக்கு மேல் ஆயரின் விருந்தினர் கண்ட ஓவியத்தைச் சுரங்கத் தொழிலாளியின் பேரன் காண்பது நன்றே. உழைப்பாளிக்கு ஓவியம் எதற்கு என வினவுவோரிடம் எனக்கு உடன்பாடு இல்லை. ஆயினும் ஒரு நகரத்தின் நல்வாழ்வு ஒரு செல்வரின் ஈகையைச் சார்ந்து நிற்பதை மீட்சி என எப்படி அழைப்பது? கொடை, கொடுப்பவர் மனத்தைப் பொறுத்தது; உரிமை அத்தகையதன்று. சுரங்கத் தொழிலாளர் தீட்டிய ஓவியங்களுக்கும் அந்நகரச் சந்தைத் திடலில் 2017இல் ஒரு கூடம் திறக்கப்பட்டது என்பதை நேர்மை கருதிக் குறிப்பிட வேண்டும். அது முன்பு வங்கியாக இருந்த கட்டடம்!

ஷில்டனின் கதை இன்னும் கூர்மையானது. 1825 செப்டம்பர் 27ஆம் நாள் ஸ்டாக்டன்–டார்லிங்டன் இருப்புப்பாதையில் நீராவிப் பொறி இழுத்த தொடர் புறப்பட்டது இவ்வூரிலிருந்துதான். சரக்குப் பெட்டிகள் செய்த இவ்வூர்த் தொழிற்கூடம் 1984இல் மூடப்பட்டது. இருபதாண்டுக்குப் பின் இரயில்வே காட்சியகம் வந்தது. 2024இல் அதற்குப் புதிய மண்டபமும் சேர்ந்தது. நுழைவுக் கட்டணம் இல்லை, அது பாராட்டுக்குரியது. ஆனால், பெட்டி செய்த கைகளுக்கு வேலை போயிற்று; பெட்டிக்கு மட்டும் கூரை கிடைத்தது. அருகிலுள்ள நியூட்டன் ஐக்ளிஃபில் 2015இல் ஹிட்டாச்சி நிறுவனம் இரயில் தொழிற்சாலை திறந்தது. இரயில் செய்யும் வேலையை அம்மாவட்டத்திற்கு மீண்டும் கொணர்ந்தது அத்தொழிற்சாலையே. காட்சியகத்தின் வேலை நினைவூட்டுவது. சோறிடுவதை அதன்மேல் சுமத்துவோர், ஆலைகளை மூடியவர்களைக் கேள்வியிலிருந்து தப்புவிக்கின்றனர்.

பீமிஷ் திறந்தவெளிக் காட்சியகத்தை மட்டும் நான் வேறாக வைத்துப் போற்றுவேன். 1970களில் அதை உருவாக்கிய ஃபிராங்க் அட்கின்சன், மக்கள் எதைக் கொடுத்தாலும் பெற்றுக்கொள்வது என்னும் கொள்கை வகுத்தார். அரும்பொருள் எது, குப்பை எது எனத் தீர்ப்பளிக்கும் அதிகாரத்தை அவர் தம்மிடம் வைத்துக்கொள்ளவில்லை. அண்மையில் அங்கு எழுந்துள்ள 1950களின் நகரில் தொழிலாளர் நல மன்றம் உண்டு. பதினான்கு வயதில் சுரங்கம் புகுந்து ஓவியராகவும் விளங்கிய நார்மன் கார்னிஷின் இல்லமும் மறுவடிவாய் நிற்கின்றது. மறுவடிவுதானே என்று சிலர் இகழ்வர். மூலங்களை இடிக்கத் திட்டம் வகுத்த மாவட்டத்தில் மறுவடிவை இகழ்வது எளிது. ‘டி’ பிரிவின் கதையை மாணவர் முறையாக ஆராய வேண்டுமாயின், மாவட்ட ஆவணங்களுக்கென 2024இல் டர்ஹாமில் திறக்கப்பட்ட ‘தி ஸ்டோரி’ என்னும் நிலையத்திற்குச் செல்லலாம். ஒளியும் ஒலியுமாக இரவில் நடத்தப்படும் மாபெரும் வரலாற்றுக் காட்சியைவிட ஒரு கட்டுத் தாள் மிகுதியாகக் கற்பிக்கும் என்பது ஆசிரியனாகிய என் துணிபு.

டர்ஹாம் நகரிலேயே ரெட்ஹில்ஸ் என்னும் மாளிகை இருக்கின்றது. சுரங்கத் தொழிலாளர் தம் ஊதியத்திலிருந்து சந்தா செலுத்தி எழுப்பி 1915இல் திறந்தது அது. அதன் மன்றத்தில் ஒவ்வொரு சுரங்கக் கிளையின் பேராளருக்கும் இருக்கை இருந்தது; தொழிலாளரின் நாடாளுமன்றம் என்றே அதை அழைத்தனர். ஆயரின் மாளிகைக்கு ஈடாகப் புகழ்வோர் இதைப் பேசுவதில்லை. 1871இல் தொடங்கிய சுரங்கத் தொழிலாளர் திருவிழா இன்றும் ஜூலைத் திங்களில் அந்நகர வீதிகளில் நடைபெறுகின்றது. ஈசிங்டன் சுரங்கம் 1993இல் மூடப்பட்டது. அதன் கொடியை அவ்வூரார் இன்றும் பித்தளை வாத்திய இசையோடு தோளில் ஏந்திச் செல்கின்றனர். அவ்வணியைக் காண நுழைவுச்சீட்டு வாங்க வேண்டுவதில்லை.