எலும்புக்கு ஊசி: எதை எதிர்பார்க்கலாம், எதை நம்பி ஏமாறக் கூடாது?

மோட்டார் சைக்கிள் விபத்தில் காலை முறித்துக்கொண்ட பிள்ளை, குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு உடைந்த பாட்டி என ஒருவரேனும் இல்லாத குடும்பம் நம்மிடையே குறைவு. அவர்களைப் பார்க்கப் போகும் இடத்தில் இப்போது ஒரு கேள்வி எழுகிறது: "ஊசி போட்டே எலும்பை ஒட்ட வைத்துவிடலாமாமே, உண்மையா?"

பாதி உண்மை. மீதிப் பாதியை நம்பி நகையை அடகு வைப்பவர்கள் இருப்பதால், இதைச் சற்று விளக்கமாகவே பார்ப்போம்.

எலும்பு நொறுங்கிப் பெரிய இடைவெளி விழுந்தால், நோயாளியின் இடுப்பெலும்பிலிருந்தே கொஞ்சம் எடுத்து அங்கே வைப்பது மருத்துவர்களின் வழக்கம். இன்றும் அதையே சிறந்த முறையாகக் கருதுகிறார்கள். ஆனால் உடம்பில் இன்னொரு புண் உண்டாகும்; எடுக்கக்கூடிய அளவும் குறைவு. அதனால்தான் மாற்றுப் பொருள்களைத் தேடுகிறார்கள்.

அவற்றில் ஒன்று கால்சியம் பாஸ்பேட் சிமெண்ட். 1980களில் அமெரிக்காவில் பிரவுன், சோவ் என்ற இரு ஆய்வாளர்கள் இதை உருவாக்கினார்கள். மாவுபோல் குழைத்து ஊசி வழியே செலுத்தினால், உடல் சூட்டிலேயே இறுகி, எலும்பிலுள்ள தாதுவைப் போன்ற பொருளாக மாறுகிறது. மண்டையோட்டுக் குறைகளைச் சரிசெய்ய 1996இல் அமெரிக்க அரசு இதற்கு அனுமதி தந்தது.

அப்படியானால் சிக்கல் எங்கே? இது சுண்ணக்கட்டி போன்றது. அழுத்தினால் தாங்கும், வளைத்தால் உடையும். நடக்கும் காலின் பாரத்தை இது தனியாகச் சுமக்காது. பெரும்பாலான கால் முறிவுகளுக்குத் தகடும் ஆணியும் தேவைதான். ஊசிப் பொருள் இடைவெளியை மட்டுமே நிரப்பும்.

ஆய்வாளர்களின் தலைவலியும் இதுதான். ஊசியில் எளிதாக ஓட வேண்டுமானால் பொருள் நீர்த்திருக்க வேண்டும். நீர்த்தால் வலு குறையும். வலுவாக இறுக்கினால் ரத்தக் குழாய்கள் நுழைய இடமிருக்காது. ரத்தம் போகாத இடத்தில் புதிய எலும்பு வளராது. சீக்கிரம் கரைந்தால் குழி விழும்; கரையாமலே கிடந்தால் எலும்புக்கு வழிவிடாது. இவற்றைச் சமன்செய்யத்தான் ஜெலட்டின், கடற்பாசியில் கிடைக்கும் ஆல்ஜினேட் போன்ற கூழ்களைக் கலந்து பார்க்கிறார்கள்.

ஆய்வுக்கூட வெற்றி நோயாளிக்கு நிவாரணமாகிவிடாது என்பதற்கு முதுகெலும்பு ஊசியே சாட்சி. பிரான்சில் 1984இல் முதன்முதலாக நொய்ந்த முதுகெலும்புக்குள் அக்ரிலிக் சிமெண்ட் செலுத்தப்பட்டது. பின்னர் எலும்புத் தேய்மானத்தால் முதுகெலும்பு நொறுங்கியவர்களுக்கும் அது உலகெங்கும் பரவியது. 2009இல் வெளியான இரண்டு ஆய்வுகளில், சிமெண்ட் செலுத்தப்பட்டவர்களுக்கும் செலுத்துவது போல் பாவனை மட்டும் செய்யப்பட்டவர்களுக்கும் வலி ஏறக்குறைய ஒரே அளவில்தான் குறைந்திருந்தது. முறிந்து ஆறு வாரத்துக்குள் செய்தால் பலன் உண்டு என்று 2016இல் இன்னோர் ஆய்வு சொன்னது. யாருக்கு, எப்போது என்பதைப் பொறுத்தே பலன் என்பதுதான் இதில் பாடம்.

நம் சமூகத்துக்கு இதில் தனிக் கவலை ஒன்று உண்டு. 2019 தேசிய சுகாதார ஆய்வின்படி, மலேசிய இந்தியரில் பெரியவர்கள் 100 பேரில் 31 பேருக்கு இனிப்பு நீர் நோய். நாட்டின் சராசரியோ 18. இனிப்பு நீர் கட்டுக்குள் இல்லையென்றால் எலும்பு கூடுவது தாமதமாகும். புண்ணில் கிருமி சேரும். புகைபிடித்தாலும் அப்படித்தான். இளம் விலங்கின் எலும்பில் நன்றாக வேலை செய்த பொருள், இருபது ஆண்டாகச் சர்க்கரையோடு வாழும் நம் வீட்டுப் பெரியவரிடமும் அப்படியே வேலை செய்யும் என்று சொல்ல முடியாது. ஆகவே இங்கே சோதனைகள் நடக்கும்போது இனிப்பு நீர் உள்ளவர்களையும் சேர்த்துச் சோதியுங்கள் என்று கேட்பது நம் உரிமை.

அதுவரை, யாராவது "எலும்பு ஊசி" என்று விலை சொன்னால் மூன்று கேள்விகள் கேளுங்கள். பொருளின் பெயர் என்ன, அது மலேசியாவில் மருத்துவச் சாதன ஆணையத்திடமோ சிங்கப்பூரில் சுகாதார அறிவியல் ஆணையத்திடமோ பதிவு பெற்றதா? என் முறிவுக்குத் தகடு தேவையா, இல்லையா? இதைப் போடாவிட்டால் என்ன ஆகும்? வாயால் சொல்வதோடு விடாமல் எழுதி வாங்குங்கள்.

மலேசியாவில் வேலையிடத்திலோ வேலைக்குப் போகும் வழியிலோ நேர்ந்த விபத்தானால், கைக்காசைச் செலவழிக்கும் முன் பெர்கேசோவை அணுகுங்கள். அரசாங்க மருத்துவமனையில் வெளியிலிருந்து பொருள் வாங்கி வரச் சொன்னால், மருத்துவ சமூக நல அதிகாரியிடம் மருத்துவ உதவி நிதி பற்றி விசாரியுங்கள். நகையை அடகு வைப்பது கடைசி வழியாக இருக்கட்டும்.