அத்தை கேட்ட கேள்வி

குருபோங்கில் இருக்கும் என் மாமாவுக்குப் பால் வெட்டிய காலத்திலிருந்தே ‘கேஸ்ட்ரிக்’. கடை மாத்திரையை விழுங்கியே ஓட்டிவிட்டார். சோறு இறங்காமல் எடை குறைந்த பிறகுதான் எண்டோஸ்கோப்பி எடுத்தார்கள். இரைப்பைப் புற்றுநோய்.

“கீமோ போட்டா கேக்குமா தம்பி?” என்றார் அத்தை. அவருக்குத் தெரிந்த ஒருவருக்கு அதே மருந்து நன்றாகக் கேட்டதாம், இன்னொருவருக்கு வாந்திதான் மிச்சமாம்.

இதற்குப் பாதிப் பதிலாவது, கேமரா விட்டபோது கிள்ளி எடுத்த சதைத் துணுக்கில் இருக்கிறது. அதில் முதலில் பார்க்க வேண்டியது ஹெர்-2 என்ற புரதம். முற்றிய நோயில் இது மிகுதியாக இருந்தவர்களுக்குக் கீமோவோடு டிராஸ்டுஸுமாப் சேர்த்துக் கொடுத்த ஆய்வு 2010-இல் வெளியானது. 24 நாடுகளில் நடந்த ஆய்வு அது. நோயாளிகள் வாழ்ந்த இடைநிலைக் காலம் 11.1 மாதத்திலிருந்து 13.8 மாதமானது. இவ்வளவுதானா என்று நினைக்கலாம். ஒரு தீபாவளியைக் கூடப் பார்க்க முடிந்தவர்களிடம் அப்படிச் சொல்ல எனக்கு வாய் வராது. வயிற்றுக் கட்டியில் ஒரு மூலையில் ஹெர்-2 இருக்கும், மறு மூலையில் இருக்காது. ஒரே துணுக்கை நம்பாமல் ஐந்தாறு எடுக்கச் சொல்வது அதனால்தான்.

அடுத்தது எம்எஸ்ஐ. செல் பிரியும்போது மரபணுவில் விழும் எழுத்துப் பிழைகளைத் திருத்தும் வேலை கெட்டுப்போன கட்டிகள் இவை. பிரிட்டனின் ‘மேஜிக்’ ஆய்வில் சேமித்த துணுக்குகளை 2017-இல் மறுபடி பார்த்தார்கள். இந்த வகையினரில் அறுவை மட்டும் செய்துகொண்டவர்கள் நன்றாக இருந்தார்கள்; கீமோவும் எடுத்தவர்கள் அப்படி இல்லை. எண்ணிக்கை சிறியது, மருந்துகளும் பழையவை. ஆகவே இதைப் படித்துவிட்டு யாரும் கீமோவை நிறுத்திவிடாதீர்கள்! ஆனால் எம்எஸ்ஐ இருந்தால், எதிர்ப்புச் சக்தியைத் தூண்டும் மருந்துகளுக்கு வழி உண்டு. டாக்டரிடம் கேட்கலாம்.

பக்கத்துச் சிங்கப்பூரிலும் 2011-இல் 37 வயிற்றுப் புற்றுசெல் வரிசைகளை மரபணுப்படி இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு வகை ஆக்ஸாலிபிளாட்டினுக்கும் 5-எஃப்யூவுக்கும் நன்றாக மசிந்தது, மற்றது சிஸ்பிளாட்டினுக்கு. ஆய்வகத் தட்டில் கண்டது இது. நம் ஊர் மருத்துவமனைச் சீட்டில் தேடாதீர்கள்.

மாமாவின் ரிப்போர்ட்டில் ஹெர்-2 பற்றி ஒரு வரி கூட இல்லை. யாரும் கேட்டு எழுதவில்லை. துணுக்கு மெழுகுக் கட்டியில் பத்திரமாக இருந்ததால், மறுபடி குழாய் விடாமலே சோதனைக்கு அனுப்ப முடிந்தது. காத்திருந்த நாட்களில் அத்தை தினமும் போன் செய்தார்.

ஹெர்-2 இல்லை. எம்எஸ்ஐயும் இல்லை. வழக்கமான கீமோதான். இரண்டு சுற்று முடிந்திருக்கிறது, அடுத்த மாதம் ஸ்கேன். நேற்று ரசம் சோறு கேட்டாராம்.