துருவுக்கும் ஒரு விலையா?

பழைய கார் விற்கிற அமெரிக்கர், 'செப்பனிட்டால் என்ன விலை போகும் தெரியுமா?' என்றுதான் ஆரம்பிப்பார். செப்பனிடப் போகிறவன் வாங்குகிறவன். அந்த லாபம் இவருக்கு எதற்கு?

1964-ல் வந்த பான்டியாக் ஜி.டி.ஓ.வையே எடுத்துக்கொள்ளுங்கள். அன்று அது தனி மாடல்கூட அல்ல. லெமான்ஸ் காருக்குக் கூடுதல் பணம் கட்டினால் கிடைத்த 389 கன அங்குல எஞ்சினும் சில சாமான்களும்தான். 1966-ல்தான் 242 என்று தொடங்கும் தனி எண் வந்தது. முந்திய வண்டிகளில் எண் ஒன்றும் சொல்லாது. முகப்பில் மூன்றெழுத்தைப் பொருத்திவிட்டால் ஜி.டி.ஓ.! தொழிற்சாலைக் காகிதம் இல்லையென்றால் நான் லெமான்ஸ் விலைக்கு மேல் ஒரு டாலர் சொல்லமாட்டேன். எஞ்சின் பழுதுகூடப் பெரிதல்ல. சேஸிஸைத் துரு தின்றிருந்தால், தகடு வெட்டி வெல்டிங் செய்கிற கூலி முழுவதையும் கழித்துவிட்டுத்தான் பேச்சு.

'ஆசைக்கு விலை உண்டா?' என்பார். ஆசை என்னுடையது ஐயா. அதற்கும் உமக்கா பணம்?