தந்தி கடக்கும் வித்தை

ஸ்பெயின் தேசத்தின் தென்பகுதியாகிய அந்தலூசியாவில் வளர்ந்து, 2010ஆம் ஆண்டில் யுனெஸ்கோவின் பாரம்பரியக் கலைப் பட்டியலில் இடம்பெற்ற ஃபிளமெங்கோ இசையைக் கேட்பவர்களை முதலில் பிரமிக்க வைப்பது, அதன் கிதார் வித்துவான்கள் சுட்டுவிரலையும் நடுவிரலையும் மாற்றி மாற்றி மீட்டி எழுப்பும் துரித ஸ்வர வரிசைகளே ஆகும். பிகாடோ என்று வழங்கும் இம்முறையில் தேர்ச்சி பெற விழையும் மாணவர் பலர், வேகம் விரலின் பலத்தைப் பொறுத்தது என்றெண்ணி, ஒரே தந்தியை மீட்டியபடி, வேகம் காட்டும் தாளக் கருவியாகிய மெட்ரோநோமின் எண்ணை நாளுக்கு நாள் ஏற்றிக்கொண்டே போவதைச் சாதகமாகக் கொண்டிருக்கிறார்கள். அந்த உழைப்பு மதிக்கத் தக்கதே. ஆயினும் அது செலவாக வேண்டிய இடம் வேறு என்பது என் திடமான அபிப்பிராயம். ஒரு தந்தியில் தங்குதடையின்றி ஓடுகிற விரல்கள் அடுத்த தந்திக்குத் தாவும் கணத்திலேதான் தடுமாறுகின்றன. ஆகவே தனித்துப் பயில வேண்டியது அந்தத் தாவலையே.

தடுமாற்றத்தின் காரணம் கையின் அமைப்பிலேயே இருக்கிறது. வலக்கை தந்திகளின்மேல் இயல்பாகத் தொங்கும்போது, சுட்டுவிரல் தடித்த தந்திகளின் பக்கமாகவும், நடுவிரல் மெல்லிய தந்திகளின் பக்கமாகவும் அமைகின்றன. இரண்டாம் தந்தியின் கடைசி ஸ்வரத்தைச் சுட்டுவிரலும், எல்லாவற்றிலும் மெல்லியதாகிய முதல் தந்தியின் தொடக்க ஸ்வரத்தை நடுவிரலும் மீட்டினால், ஒவ்வொன்றும் தன் இடத்திலேயே இருக்கிறது. இதுவே தலைகீழானால், சுட்டுவிரல் நடுவிரலைத் தாண்டி எட்டிப் பிடிக்க நேர்கிறது. தந்திக்கு நான்கு ஸ்வரங்கள் வீதம் சுட்டுவிரலில் தொடங்கி வாசித்தால், ஆரோகணத்தில் ஒவ்வொரு கடப்பும் கடினமாகவும், அவரோகணத்தில் ஒவ்வொன்றும் எளிதாகவும் அமையும். நடுவிரலில் தொடங்கினால் பலன் மாறிவிடும். தந்திக்கு மூன்று ஸ்வரங்கள் என்றால் எளிதும் கடினமும் மாறி மாறி வரும். இந்தக் கணக்கை அறியாத மாணவன், வரிசை எங்கோ நொண்டுவதைக் கேட்டுத் தன் விரலே பலவீனமானது என்று வீணாக மனம் சோர்கிறான்.

அவரோகணத்தில் மற்றோர் இடையூறும் உண்டு. பிகாடோவில் தந்தியை மீட்டிய விரல் அடுத்த தடித்த தந்தியின்மேல் வந்து சாய்வது மரபு. ஆகையால் முதல் தந்தியை மீட்டிய விரல், மறுவிரல் மீட்ட வேண்டிய இரண்டாம் தந்தியின்மீதே வந்து நிற்கிறது. அது உரிய காலத்தில் விலகாவிட்டால், புதிய ஸ்வரம் பிறக்கும்போதே மங்கிவிடும்.

இவற்றிற்கெல்லாம் பரிகாரம் விரலை நீட்டுவதன்று, கையை நகர்த்துவதே. குதிரையின் அருகே அடுத்தடுத்த இரு தந்திகளுக்கு இடையே சுமார் 11 அல்லது 12 மில்லிமீட்டர் தூரமே இருக்கிறது. அச்சிறு தூரத்தை முழங்கையிலிருந்து முன்கையை இலேசாக நகர்த்திக் கடந்தால், எல்லாத் தந்திகளிலும் விரல் ஒரே கோணத்தில் படுகிறது, நாதமும் ஒரே தன்மையாய் ஒலிக்கிறது. பயிற்சியோ மிக எளிது: இரண்டாம் தந்தியின் கடைசி ஸ்வரம், முதல் தந்தியின் முதல் ஸ்வரம் என்ற இரண்டை மாத்திரம் எடுத்துக்கொண்டு, முதலில் சுட்டுவிரலிலும் பின்னர் நடுவிரலிலும் தொடங்கி, மிக மெதுவாகத் திரும்பத் திரும்ப மீட்டுவது; இரண்டும் சம பலத்துடன் ஒலித்த பின்னரே முன்னும் பின்னும் ஒவ்வொரு ஸ்வரமாகச் சேர்ப்பது. வசதி கருதி ஒரே விரலால் இருமுறை மீட்டும் வழக்கத்துக்கு ஆரம்பத்தில் இடம் கொடுக்கலாகாது.

கடினமான கடப்பு வராதபடி இடக்கையின் விரலமைப்பை மாற்றிக்கொண்டால் போதுமே என்பாருண்டு. அது நல்ல யுக்திதான். ஆனால் 12 மாத்திரை கொண்ட புலேரியா என்னும் ஃபிளமெங்கோ வகையில் அழுத்தங்கள் 12, 3, 6, 8, 10 ஆகிய இடங்களில் விழ வேண்டியிருக்க, தந்தி மாறும் இடமெல்லாம் வேண்டாத அழுத்தம் விழுமாயின், யுக்திகள் எத்தனை இருந்தும் தாளத்தின் ஜீவன் கெட்டுவிடும். அழுத்தம் பிசகாத கடப்புக்கு ஓர் உதாரணம் உண்டு. அல்ஹெசீராஸ் நகரில் 1947இல் பிறந்த ஃபிளமெங்கோ கிதார் வித்துவான் பாக்கோ தெ லூசியா, 1980 டிசம்பர் 5ஆம் தேதி சான் பிரான்சிஸ்கோ மேடையில் கிதார் கலைஞர்களான ஜான் மெக்லாக்லினும் அல் டி மியோலாவும் மீட்டுகோல் பிடித்து வாசிக்க, வெறும் விரல்களால் அவர்களுக்கு ஈடுகொடுத்தார். அந்த ஒலிப்பதிவைக் கூர்ந்து கேட்பவர், வேகத்தினும் மேலாக, தந்தி மாறுவதே தெரியாத அந்தச் சமநிலையைக் கண்டு வியப்பார்.

ஆகவே ஆசிரியர்கள் மாணவனிடம் எவ்வளவு வேகமாக வாசிக்கிறாய் என்று கேட்பதற்கு முன், தந்தி மாறும்போது எந்த விரல் முன்செல்கிறது, கை எங்கே நிற்கிறது என்று கேட்கட்டும். அதற்கு விடை சொல்லத் தெரிந்த மாணவன் மெட்ரோநோமைத் துரத்த வேண்டியதில்லை. கடப்பு சீரானால் வேகம் அதன் விளைவாகத் தானே கைகூடும்.